நான்காவது பாரில் வாசிப்பவன்

வடவெளி,
11.8.2024

அன்பு மகள் பூவிழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். பெங்களூர் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, விடுதியில் சாப்பாடு எப்படி, லேபில் புது வேலை பழகிவிட்டதா என்று எழுது.

ஃபோன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பாய். தஞ்சாவூர் டாக்டர் என்னைப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்றுதானே நாம் நினைத்தோம். சதை எடுத்துப் பார்த்ததில் அது குரல்வளையில் வந்த புற்று என்று தெரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம். ஆனால் குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். கழுத்தில் துளை போட்டு அது வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அண்ணன் வளவன் அந்த ஊரில்தான் எங்கோ பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளியன்று, யார் ஃபோனிலிருந்தோ அம்மாவைக் கூப்பிடுவதோடு சரி. என்னோடு அவன் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவனைக் கண்டுபிடி. என் குரல் இருக்கும்போதே நேரில் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இருக்கிற குரலை வீணாக்காமல் வைத்திருக்கிறேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நம் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. நம் ஆறு மா நிலத்திலும் நேரடி விதைப்புதான்.

இப்படிக்கு,
உன் அப்பா இராஜாங்கம்


பெங்களூர்,
20.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ராத்திரி சரியாகத் தூங்குகிறீர்களா? கஞ்சி இறங்குகிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

அண்ணனுடைய பழைய நண்பர்கள் யாரிடமும் அவன் நம்பர் இல்லை. நான்கைந்து நாளாகத் தேடினேன். நேற்று விடுதியில் என் அறையில் இருக்கும் பெண் ஃபோனில் ஒரு விளம்பரம் காட்டினாள். இங்கே இந்திரா நகர் என்று ஓர் இடம், தெரு முழுக்க பார்தான். ஒவ்வொன்றிலும் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. எந்த பாரில் எந்த பேண்ட் என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது என்பதால், சனிக்கிழமை தோறும் ஒரு வழிகாட்டி பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்திக் கூட்டிப்போகிறார். ஒரே சாயங்காலத்தில் ஐந்து பார். ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, குடித்து, பாட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

அந்த விளம்பரப் படத்தில் பாடுகிறவனுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசிப்பவனின் பாதி முகம் தெரிந்தது. தாடி வைத்திருக்கிறான். ஆனால் அந்தக் காது நம் வீட்டுக் காது.

எந்த பார் என்று படத்தில் இல்லை. தனியாக ஒவ்வொரு பாராக ஏறி இறங்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அந்தக் கூட்டத்தோடு போகப் பேர் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன். கோபிக்காதீர்கள். அம்மாவிடம் கச்சேரி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பூவிழி


வடவெளி,
26.8.2024

பூவிழிக்கு,

அப்பாவின் அன்பு. உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

நான் குடிக்காதவன். நம் தெருவுக்குச் சாராயக் கடை வந்தபோது அதன் வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்து அதை மூட வைத்தவர்களில் நானும் ஒருவன். என் மகள் பாருக்குப் போகிறாள் என்பதைப் படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன்.

போ. யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால் அப்பாதான் அனுப்பினார் என்று சொல். முடிந்தால் அந்த விடுதிப் பெண்ணையும் கூட்டிப் போ. கொடுக்கிற தண்ணீரைக் குடிக்காதே, பாட்டில் வாங்கிக்கொள்.

அவனைப் பார்த்ததும் நான் கூப்பிட்டேன் என்று முதலில் சொல்லாதே. சாப்பிட்டாயா என்று கேள்.

அப்பா


பெங்களூர்,
2.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது?

அண்ணன் கிடைத்துவிட்டான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஆறு மணிக்குப் பதினான்கு பேர் சேர்ந்தோம். எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டினார்கள். வழிகாட்டிப் பெண்ணின் பெயர் அஃப்ரீன். நான் பெயர் சொன்ன விதத்திலேயே, "நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டாள். அவளுடைய அப்பாவுக்கு நாகூர். எனக்கு உயிர் வந்தது. படத்தைக் காட்டி, இது என் அண்ணன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "வளவனா? நாலாவது பார். அவசரப்படாதீங்க, எல்லாரோடயும் வரிசையாத்தான் போவணும்" என்றாள்.

அந்த மூன்று பார்களையும் எப்படித் தாண்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். முதலாவது மொட்டை மாடியில். ஒரு வயதானவர் கிடாரோடு பழைய இந்திப் பாட்டுகள் பாடினார். எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். இரண்டாவது தரைக்குக் கீழே, குகை மாதிரி. ஒரு பெண் சாக்ஸஃபோன் வாசித்தாள். மூன்றாவதில் கன்னட பேண்ட். நான் எல்லா இடத்திலும் எலுமிச்சை சோடா வாங்கி வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் வந்த ஒரு பெண், "உங்களுக்கு மியூசிக் பிடிக்காதா?" என்று கேட்டாள்.

நாலாவதில் மேடையின் மூலையில் டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்குள் அண்ணன். முன்னைக்கு இளைத்திருக்கிறான். மூன்றாவது பாட்டில் என்னைப் பார்த்துவிட்டான்.

இடைவேளையில் பேசினோம். நன்றாக இருக்கிறான். வேலை அதிகம். வருவான்.

பூவிழி


வடவெளி,
9.9.2024

என் கண்ணே பூவிழி,

நலம். உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் பேசக் கூடாதே, அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனுடைய அறையைக் கூட்டினாள். நான் சுண்ணாம்பு அடித்தேன். மோட்டார் ரூமில் கிடந்த அவன் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறோம்.

பாடியவர், சாக்ஸஃபோன் பெண், எலுமிச்சை சோடா எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அவனோடு பேசியதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். என்றைக்கு வருவதாகச் சொன்னான்? என்ன வார்த்தை சொன்னானோ அதை அப்படியே எழுது.

அப்பா


பெங்களூர்,
25.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினைந்து நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, எழுதத்தான் கை வரவில்லை.

அண்ணன் வருகிறேன் என்று சொல்லவில்லை. நான்தான் எழுதிவிட்டேன். நீங்கள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்ததைப் படித்த பிறகு என்னால் இனியும் மறைக்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். பின்பக்கம் சமையல்கட்டு வாசலில் காலி பீர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே வந்து நின்றான். நீங்கள் சொன்னபடி, "சாப்டியாண்ணே?" என்றேன். தலையாட்டினான். அம்மாவைப் பற்றிக் கேட்டான். உங்கள் நோயைச் சொன்னேன். சரிந்திருந்த ஒரு பெட்டியை நேராக வைத்தான். பிறகு, "இப்ப என்ன வேணுமாம்?" என்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். குரல் போறதுக்குள்ள."

"சொல்ல வேண்டியதெல்லாம் கன்னத்துல ஒரே அறையில சொல்லிட்டாரு பூவு. ஊரே பாத்துச்சு. இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

உள்ளே போய்விட்டான். நம்பர் தரவில்லை, வீடு எங்கே என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமையும் போனேன். தனியாகப் போனால் வாசலில் இருப்பவன் உள்ளே விடுவதில்லை, அண்ணன் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறான். அஃப்ரீன் கூட்டிவரும் கூட்டத்தை மட்டும் நிறுத்த மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் முதல் பாரிலிருந்து நடக்கிறேன். அந்தக் கிழவர் பாடும் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கையில் பட்டையோடு நான் வந்து உட்காருவதைப் பார்த்தால் அவன் மேடையிலிருந்து எழுந்து போக முடியாது. அந்த முக்கால் மணி நேரமும் அவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இடைவேளை விட்டதும் வேறு வழியாகப் போய்விடுகிறான். போன வாரம் அஃப்ரீன் என்னிடம் பணம் வாங்கவில்லை. "கடைசியில வர்றவங்க யாரும் தொலைஞ்சுடாம பாத்துக்கங்க, அது போதும்" என்றாள்.

அப்பா, நீங்கள் ஆபரேஷனுக்குப் போங்கள். அவனுக்காக நிற்காதீர்கள்.

பூவிழி


வடவெளி,
12.10.2024

பாப்பா பூவிழிக்கு அம்மா செவ்வந்தி எழுதிக்கிறது. நான் அஞ்சாவதுதான் படிச்சேன், தப்பு இருந்தா சேத்துப் படிச்சுக்க. நல்லா இருக்கியா. ஃபோன்ல பேசலாம்னா ஒங்கப்பா பக்கத்துலயே ஒக்காந்திருக்காரு.

ஒன் கடுதாசி வந்ததுலேர்ந்து ஒனக்குப் பதில் எழுத அவரு பேனாவையே தொடல. ஆபரேசன் தேதிய டாக்டரே தள்ளிப் போட்டுட்டாங்கன்னு ரெண்டு தடவ எங்கிட்ட சிலேட்டுல எழுதிக் காட்டுனாரு. நானும் நம்பிட்டேன். நேத்து அவருக்குத் தெரியாம பஸ் ஏறித் தஞ்சாவூர் போயி நர்சு செந்தாமரைகிட்ட கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவையும் இப்ப ஆபரேசன் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிப் போயிட்டாரும்மா, மகன் வரட்டும்னு எழுதிக் குடுத்தாரு" அப்படின்னுச்சு.

இப்ப படுக்க முடியல பாப்பா. ஒக்காந்துக்கிட்டே தூங்குறாரு. மூச்சு விட்டா வாசல்ல கேக்குது. வயல்ல களையெடுக்க ஆள் வுட்டிருக்கேன், அங்க நின்னாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது. வளவன் வரான் வரல, நீ ஏதாவது பண்ணு. எனக்கு மனுசன் வேணும்.

அம்மா


பெங்களூர்,
16.10.2024

அப்பாவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்க மாட்டேன். நீங்கள் நலமாக இருக்க விரும்பவில்லை என்று தெரிந்துவிட்டது.

நான் தினமும் ரத்தத்தையும் சதையையும் சோதிக்கிறவள். உங்கள் தொண்டையில் இருப்பது யாருக்காகவும் காத்திருக்காது. நீங்கள் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அது வளர்ந்திருக்கிறது. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால், அண்ணன் வராததால்தான் அப்பா செத்தார் என்று ஊர் சொல்லும். அவனுக்கு ஒரு அறை கொடுத்தது போதாதா அப்பா? இதையும் கொடுக்கப் போகிறீர்களா?

உங்களுக்கு நான் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனாலும் கிழிக்க மாட்டேன்.

வாயால்தான் சொல்வேன் என்ற பிடிவாதத்தை விடுங்கள். அது என்னவோ அதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நான் பிரிக்க மாட்டேன். இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை அவன் கையில் கொடுக்கிறேன். நீங்கள் அடுத்த நாளே தஞ்சாவூர் போக வேண்டும்.

பூவிழி


வடவெளி,
21.10.2024

பூவிழிக்கு,

நீ எழுதியது சரி. உள்ளே ஒட்டிய உறை இருக்கிறது. அவனிடம் கொடு. அவன் படித்த பிறகு நீயும் படிக்கலாம், அவன் கொடுத்தால். சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். எழுதினால் யாராவது எப்போதும் எடுத்துப் படிக்கலாம் என்றுதான் பயந்தேன். இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன்.

அப்பா

*

வளவனுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்றாலும் கேட்கிறேன்.

பெரிய பண்ணை வீட்டுச் சாவில் நீயும் உன் கல்லூரிக் கூட்டாளிகளும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பறை வாசித்தீர்கள். கலைக்குழு என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நாற்காலி போட்டார்கள் என்று நீ சொன்னாய். நான் வந்து தெருவில் எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தேன். நீ எனக்குப் பிறக்கவில்லை என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

1984-இல் அதே வீட்டில், நீ யாருக்கு வாசித்தாயோ அவனுடைய அப்பன் செத்தான். இனி யார் சாவுக்கும் பறையடிப்பதில்லை என்று நம் தெரு முடிவெடுத்திருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. தெருவிலேயே நன்றாக அடிப்பவன் நான்தான் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். களத்து மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றிப் பனையின் கருக்குமட்டையால் அடித்தார்கள். அடி வாங்கியது நம் தெருவுக்குத் தெரியும். அதோடு நிறுத்தியிருந்தால் நான் உனக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

நான் வாசித்தேன் வளவா. பயத்தில் வாசித்தேன். முதுகில் ரத்தம் வழிய, அந்த வீட்டிலிருந்து சுடுகாடு வரை தனி ஆளாக அடித்துக்கொண்டு போனேன். நம் ஆட்கள் தெரு முனையில் நின்று பார்த்தார்கள். அன்று ராத்திரி அந்தப் பறையை அடுப்பில் வைத்தேன். சாராயக் கடை மறியலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்ததுகூட அதை அழிப்பதற்குத்தான்.

அந்த வாசலில் உன் கையில் குச்சியைப் பார்த்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. அதற்கு நீ அடி வாங்கினாய். இதைத்தான் வாயால் சொல்ல நினைத்தேன்.

அப்பா


பெங்களூர்,
27.10.2024, ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையைக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை அஃப்ரீன் எனக்காக அண்ணனிடம் போய், "இன்னிக்கு மட்டும் வேற வழியா போயிடாதீங்க, ஒரு கடுதாசி இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று படித்தான். ஒரு பக்கம்தான் இருக்கும். ரொம்ப நேரம் படித்தான். இடைவேளை முடிந்துவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

"நீ படிச்சியா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியல."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். எங்கள் கூட்டம் ஐந்தாவது பாருக்குக் கிளம்பியது. நான் போகாமல் வாசலிலேயே நின்றேன். கச்சேரி முடிந்து கூட்டாளிகள் எல்லோரும் வெளியே வந்தார்கள். அவன் வரவில்லை. எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாவது பாரை முடித்துவிட்டுத் திரும்பி வந்த அஃப்ரீன்தான் ஆட்டோ பிடித்து என்னை விடுதியில் விட்டாள்.

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா கூப்பிட்டாள். விடியற்காலையில் உங்களுக்கு மூச்சு அடைத்து 108-இல் கொண்டுபோய்க்கொண்டிருப்பதாகச் சொல்லி அழுகிறாள். இதைத் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டு வருகிறேன். இருங்கள் அப்பா.


வடவெளி,
24.11.2024

அன்பு மகள் பூவிழிக்கு,

நீ வந்து பதினோரு நாள் கூட இருந்துவிட்டுப் போனது எனக்குப் பாதி மருந்து. கழுத்துப் புண் ஆறி வருகிறது. குழாயைச் சுத்தம் செய்ய அம்மா பழகிவிட்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். போகும்போது மிகவும் வாடிப்போயிருந்தாய். அவன் வரவில்லையே என்று ஆஸ்பத்திரியில் நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஆபரேஷனுக்கு முந்தின இரவு, ஆஸ்பத்திரியில் மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தபோது, வளவனுக்கு வைத்திருந்த குரலை உன் அம்மாவிடம் செலவழித்துவிட்டேன். இழுத்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "முப்பத்தாறு வருசமா அந்த முதுகுல எண்ணெ தேய்க்கிறேன். மரத்துலேர்ந்து வுழுந்த தழும்பு எது, அடிச்ச தழும்பு எதுன்னு தெரியாதா எனக்கு? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவு நாள் நான் யாரிடமிருந்து ஒளித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

வளவன் வந்தான். போன திங்கட்கிழமை. மழைத் தண்ணீரை வடிக்க அம்மா வயலுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். பையோடு வாசலில் நின்றான். நான் பழக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். கழுத்திலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை எழுத முடியாது.

உள்ளே வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ரொம்ப அடிச்சாங்களாப்பா?" என்று கேட்டான்.

நான் அவனிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் சிலேட்டில் எழுதலாம் என்று எடுத்தேன். அவன் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எழுதாதீங்க. காட்டுங்க" என்றான். சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தேன். ஒவ்வொரு தழும்பாகக் கை வைத்துப் பார்த்தான். அம்மா சேற்றுக்காலோடு வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, குழாயடியில் கால் கழுவப் போய் வெகுநேரம் திரும்பவே இல்லை.

மறுநாள் சிலேட்டில், உன்னை அடித்தது தப்பு என்று எழுதிக் காட்டினேன். படித்தான். "அது இன்னும் எனக்குள்ள இருக்குப்பா. போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றான். பொய் சொல்லாதது நல்லதுதான். அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டு என் குழாயை அவனே சுத்தம் செய்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. வியாழக்கிழமை கிளம்பினான். சனி, ஞாயிறு வாசிக்க வேண்டுமாம். அறுப்புக்கு வருகிறேன் என்றான். வருவானோ மாட்டானோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் நம்பரை அம்மாவின் ஃபோனில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நீ எனக்கு எத்தனையோ எழுதினாய். மொட்டை மாடியில் பாடிய பெரியவர், சாக்ஸஃபோன் பெண், கண்ணாடித் தடுப்பு, பீர் பெட்டி எல்லாம் எழுதினாய். ஒன்றை மட்டும் எழுதவில்லை. எனக்குப் பிடிக்காது என்று விட்டிருப்பாய். நானும் ஒரு கடிதத்தில்கூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை அந்தக் கூட்டத்தோடு இன்னொரு தடவை போ. நாலாவது பாரில் முக்கால் மணி நேரமும் உட்கார்ந்து கேள். என் மகன் எப்படி வாசிக்கிறான் என்று எழுது.

அப்பா இராஜாங்கம்